இரண்டாவது இழுப்பறை, இடதுபக்கம்

வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று அவள் அறிவித்த நிமிடத்திலிருந்து கணவர் பேசுவதை நிறுத்திவிட்டார்.

கோபமெல்லாம் இல்லை. மனிதர் நிம்மதியாக இருந்தார். காப்பி வேண்டுமென்றால் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். போதுமென்றால் உள்ளங்கையைக் காட்டினார். வாயைத் திறக்காமலே இவ்வளவு தூரம் குடும்பம் நடத்தலாம் என்பது முன்னாலேயே தெரியாமல் போயிற்றே என்கிற வருத்தம் மட்டும் அவர் முகத்தில் லேசாகத் தெரிந்தது.

"என்னங்க, நான் பேசிப் பழகணும்னுதானே இந்த ஏற்பாடு. நீங்க இப்படி உட்கார்ந்திருந்தா நான் யாரோட பழகறது?"

அவர் உதட்டின்மேல் விரலை வைத்து, அவள் போட்ட விதியை அவளே மீறுவதைச் சுட்டிக்காட்டினார்.

"சட்டம் போட்டது நீ. மதிக்கிறது அப்பா ஒருத்தர்தான்," என்றாள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்.

சட்டம் போட்டவள் பல்கலைக்கழகத்தில் உலோகங்கள் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று பாடம் நடத்துபவள். மாணவர்கள் அவளைத் துரு மேடம் என்பார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. சொந்தக்காரர்கள் வைத்த பெயர்களோடு ஒப்பிட்டால் அது மரியாதையான பெயர்தான்.

சிக்கல் ஒரு ஒப்பந்தத்தில் தொடங்கியது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு கைகோத்து இரண்டு பக்கமும் பாடங்களைப் பகிர்ந்துகொள்ளப் போகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் திரையில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். பிறகு அவர் வகுப்பை இவள் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். தேறாதவரின் பாடம் வேறொருவருக்குப் போகும். தேறாதவர் தேர்வுப் பிரிவுக்குப் போய் விடைத்தாள் கட்டுகளுக்குக் கயிறு கட்டலாம்.

துருப் பாடத்துக்கு அந்த வேறொருவர் தயாராகவே இருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளைய விரிவுரையாளர். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்.

"மேடம், உங்களுக்குச் சிரமமா இருந்தா தயங்காம சொல்லுங்க. நான் பார்த்துக்கறேன்," என்று காணும்போதெல்லாம் சொல்வார். அந்த அன்பு அவள்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துகொண்டே வந்தது. துருவும் அப்படித்தான் வரும்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. படிப்பாள், எழுதுவாள், கட்டுரைகள் அச்சாகியிருக்கின்றன. பேச்சுதான் வராது. பணக்கார உறவினர் வீட்டுக்குப் போனால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காலை எங்கே வைப்பது என்று பார்ப்போமே, அந்த மொழிக்குள் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

தன் மொழியில் நடத்தும்போது கதை வேறு. இரும்புத் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள். "துரு விழறது ஓரத்துல. இரும்பு தேயறது நடுவுல. வீட்டுல சத்தம் போடறவங்க ஒருத்தர், தேயறவங்க இன்னொருத்தர், அது மாதிரி," என்பாள். வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்ததும் இரண்டு மூன்று பெண்கள் மட்டும் கொஞ்சநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பார்வைக்காகத்தான் அவள் வேலைக்குப் போனாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மற்ற எந்த இடத்திலும் நாலு பேர் கூடினால் 'இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ' என்று சொல்லப்படும் ஆள் அவள். துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கையில் பிடித்து நிற்கும் அந்த அறையில் மட்டும்தான் தலைகள் அவள் பக்கம் திரும்பும். அந்த அறையை எண்ணெயாக நிற்பவரிடம் கொடுத்துவிட்டு அவள் எங்கே போவாள்?

பயிற்சிக்கு என்று ஒரு அம்மாளை வரவழைத்திருந்தார்கள். பல வருடப் பேராசிரியர்கள் எல்லாரும் சின்ன மேஜைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள்.

"கேள்வி கேட்டுட்டுக் காத்திருங்க. பதில் வர வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. பதில் எதுவா இருந்தாலும் முதல்ல பாராட்டுங்க."

"தப்பா இருந்தாலுமா?" என்று வேதியியல்காரர் கேட்டார்.

"பாராட்டிட்டு அப்புறம் திருத்துங்க. ரொம்ப முக்கியம், நடுவுல என்ன நடந்தாலும் பேச்சை நிறுத்தக்கூடாது. நீங்க தடுமாறினது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். புன்னகையோட மேல போயிட்டே இருங்க."

"அந்தப் பக்கத்துக்காரர் நடுவுல கேள்வி கேட்டா?"

"கேட்டா நல்லது. உங்க பாடத்தைக் கவனிக்கிறார்னு அர்த்தம்."

அந்தப் பக்கத்துக்காரர் சரளமாகத்தான் கேட்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வெளிநாட்டுக்காரர் என்றால் ஆங்கிலத்தோடு பிறந்தவர் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டில் பேச்சுத்துணை கிடைக்காததால் மகள் வேறு வழி சொன்னாள்.

"போன்ல பேசிப் பதிவு பண்ணு. கேளு. திருத்து. திரும்பப் பேசு."

அவள் பேசினாள். முதல் பதிவில் இருந்த பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. அடுத்ததில் கோபமாக இருந்தாள். சமையலறையில், மொட்டைமாடியில், குளியலறையில் என்று அவள் பேசிக்கொண்டே போக, மகள் பல் தேய்க்கும்போது துருப் பாடத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள். கணவர் மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தார்.

ஒரு ஞாயிறு மாலை அது வந்தது. தொடங்கியது முதல் ஒரு திக்கல் இல்லை. கேள்வி கேட்டாள், காத்திருந்தாள், 'மிக நன்று, இதைத்தான் எதிர்பார்த்தேன், ஏன் என்று யோசியுங்கள்' என்று பாராட்டினாள். தன் குரல் தன்னைவிட்டு முன்னால் நடந்து போவதை அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் எட்டிப் பார்த்தார். ஒரு வாரமாக மனதுக்குள் கோத்துக் கோத்து வைத்த ஆங்கில வாக்கியம் அவரிடம் தயாராக இருந்தது. கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டார்.

நடுவில் என்ன நடந்தாலும் நிறுத்தக்கூடாது. அவள் புன்னகை மாறாமல், அதே விரிவுரைக் குரலில், "இரண்டாவது இழுப்பறை, இடதுபக்கம்," என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஆக்சிஜனுக்குப் போய்விட்டாள்.

பாடம் முடிந்த பிறகுதான் தலையில் கை வைத்தாள். பரவாயில்லை, நாளைக்கு இன்னொரு தரம் பேசிவிடலாம்.

மறுநாள் காலை குரல் இல்லை.

கட்டிப்போகவில்லை, கரகரக்கவில்லை. சுத்தமாக இல்லை. வாயைத் திறந்தால் காற்று வந்தது. மருத்துவர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப உழைச்சிருக்கு. பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது," என்றார்.

அன்று காலையிலிருந்து கணவர் பேச ஆரம்பித்தார். ஒரு வாரப் பாக்கி. அலுவலக அரசியல், பக்கத்து வீட்டு மோட்டார், தண்ணீர் தொட்டியில் விரிசல் என்று அவர் அணையைத் திறந்துவிட்டாற்போல் பேசினார். மறுத்துச் சொல்ல ஆளில்லாத பேச்சு எவ்வளவு இனிமையானது என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் துறைத்தலைவரிடம் போய், வகுப்பைத் தள்ளிவைக்க முடியுமா என்று தாளில் எழுதிக் காட்டினாள்.

"அந்தப் பேராசிரியரோட நேரம் கிடைக்க நான் எத்தனை கடிதம் எழுதியிருக்கேன் தெரியுமா மேடம்? நாளைக்கு விட்டா இந்த வருஷம் இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "உடம்பு முடியலைன்னா ஒண்ணும் தப்பில்ல. தம்பி தயாரா இருக்கார்."

தம்பி கதவருகிலேயே தயாராக நின்றார்.

'வகுப்பு நான்தான் எடுக்கிறேன்' என்று அவள் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டாள். எதைக்கொண்டு எடுப்பது என்பது கோடு போட்ட பிறகுதான் மனதில் வந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டது இது முதல் தடவை இல்லை.

மாலை கணவர்தான் வழி சொன்னார்.

"அதான் போன்ல பேசி வச்சிருக்கியே. அதைப் போட்டுவிட்டுட்டு நீ வாயை மட்டும் அசை. டிவியில பாடறவங்க எல்லாம் வேற என்ன பண்றாங்க?"

அவள் கத்தரிக்கோலைப் போல இரண்டு விரலை விரித்து விரித்து மூடிக் காட்டினாள்.

"அதுவா? யாரு கவனிக்கப் போறா?"

"நான் வெட்டிடறேன்மா," என்று மகள் முன்வந்தாள். அப்பாவின் கேள்வி சுலபமாக வெட்டுப்பட்டது. அம்மாவின் பதில் மட்டும் அடுத்த வாக்கியத்தோடு ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டினால் ஆக்சிஜனும் சேர்ந்து போனது. ஆக்சிஜன் இல்லாமல் துரு இல்லை. கடைசியில் கேள்வி போய், பதில் மட்டும் தனியாக நின்றது.

காணொளிக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். எந்நேரமும் தோளில் ஒரு கம்பிச்சுருள் தொங்குவதால் அவருக்கு வயர் என்று பெயர். அவள் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார்.

"மைக்கை நிறுத்திட்டு இதை ஓட்டணும். அவ்வளவுதானே மேடம்? முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் குரல் எப்படியும் ஸ்பீக்கர்லதான் வரும். யாருக்குத் தெரியும்?"

'தப்பில்லையா?' என்று அவள் எழுதினாள்.

"குரல் உங்களுது. பாடம் உங்களுது. தப்பு எங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் கம்பியைச் செருகினார்.

மாணவர்கள் வந்தார்கள். துறைத்தலைவர் பின்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இளையவர், தேவைப்பட்டால் எழுந்துகொள்ள வசதியாக ஓர நாற்காலியில். பெரிய திரையில் அந்தப் பேராசிரியர் தெரிந்தார். கம்பளிச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, பின்னால் புத்தக அலமாரி. முகத்தில் நல்ல களை. வணக்கம் சொல்லித் தலையசைத்தார்.

வயர் பொத்தானை அழுத்தினார்.

பதிவிலிருந்த பெண் பேசத் தொடங்கினாள். அவள் வாயசைத்தாள். சற்று நேரத்திலேயே ஒன்று புரிந்தது. அந்தப் பெண் இவளைவிடக் கெட்டிக்காரி. எதற்கும் தயங்கவில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை. இத்தனை வருடம் இவள் எனக்குள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவளுக்கு உதடாக இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. இங்கும் பை பிடிக்கும் வேலைதான். ஆனால் பை அவளுடையது.

திரையில் பேராசிரியர் தலையாட்டினார். ஒரு பழுப்புப் பூனை எங்கிருந்தோ வந்து அலமாரி உச்சியில் தாவி ஏறியது.

தகட்டின் படத்தைக் காட்டிய இடத்தில் அந்த வாக்கியம் வந்தது. "இரண்டாவது இழுப்பறை, இடதுபக்கம்."

அவள் வேறு வழியில்லாமல் படத்தின் இடதுபக்கத்தை விரலால் தொட்டாள். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். துறைத்தலைவர் தலையாட்டினார். இளையவர் எழுதி, அடியில் கோடு போட்டார். திரையில் இருந்தவரும் தலையாட்டினார். ஒரு கூடம் நிறையத் தலையாட்டி பொம்மைகள்.

அடுத்து கேள்வி. இரும்பு தேயும் இடம் எது என்று பதிவு கேட்டுவிட்டுக் காத்திருந்தது. 'நடுவில்' என்று சொல்ல முதல்வரிசைப் பெண்ணை முன்பே தயார்செய்திருந்தாள். அந்தப் பெண்ணோ இழுப்பறையை எழுதி முடிக்காமல் குனிந்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். வெளியே போய்விட்டு வரலாமா என்று, இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் கேட்டான்.

"மிக நன்று. இதைத்தான் எதிர்பார்த்தேன். ஏன் என்று யோசியுங்கள்," என்றது பதிவு.

அவன் ஏன் என்று யோசித்தபடி உட்கார்ந்தான்.

பேராசிரியர் புன்னகைத்தார். பழுப்புப் பூனை மறுபடி அலமாரி உச்சியில் தாவி ஏறியது. எப்போது இறங்கியது என்று அவள் கவனித்திருக்கவில்லை. அவளுக்கு இருந்த அவஸ்தையில் பூனையையா பார்க்க முடியும்?

கடைசியாகத் தண்ணீர்ச் சொட்டு. ஓரத்தில் துரு, நடுவில் தேய்மானம். ஆங்கிலத்தில் அந்த வீட்டு உவமையைச் சொல்ல அவள் துணிந்ததில்லை. பதிவில் அந்த இடம் வெறும் மூச்சாகக் கடந்தது.

பாடம் முடிந்தது. கைதட்டினார்கள். அவள் திரும்பி வயரைப் பார்த்தபோது திரை பேசியது.

"நன்றி. மிகத் தெளிவு. எனக்கு ஒரே ஒரு கேள்வி. கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?"

சட்டியில் இருந்தது தீர்ந்துவிட்டது, அகப்பை என்ன செய்யும். பின்வரிசையில் இளையவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

வயர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பதிவைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டினார். அவள் மறுபடி வாயசைத்தாள். தண்ணீர்ச் சொட்டு பாதி வந்திருக்கும். அதற்குள் பேராசிரியர் முழுதாகத் தலையாட்டி, "நன்றி, இப்போது நன்றாகப் புரிந்தது," என்று கையசைத்தார். திரை இருண்டது.

"எவ்வளவு கூர்மை பாருங்க. பாதியிலேயே பிடிச்சுக்கிட்டார்," என்று துறைத்தலைவர் வியந்தார்.

மதிப்பெண் வந்தபோது அவள் குரலும் பாதி திரும்பியிருந்தது. முழு மதிப்பெண். 'மிகத் தெளிவு. குறிப்பாகக் கடைசிப் பகுதி' என்று ஒரு குறிப்பு. துருப் பாடம் அவளுக்கே. இளையவர் வாழ்த்துச் சொன்னார். அந்த அறையின் சாவியை அவள் பைக்குள் இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மகிழ்ச்சிதான். ஆனால் தூக்கத்தில் புரள வைக்கும் மகிழ்ச்சி. தனக்குக் கிடைத்த பாராட்டு அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது என்று ஒரு நினைப்பு. அந்த நல்ல மனிதர் அவ்வளவு கவனமாக உட்கார்ந்து கேட்டாரே, அவரை ஏமாற்றிவிட்டோமே என்று இன்னொரு நினைப்பு. உண்மையை எழுதிவிடலாம் என்று மின்னஞ்சலைத் திறந்தாள். 'அன்புள்ள பேராசிரியருக்கு' என்பதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

அடுத்த வகுப்பில் முதல்வரிசைப் பெண் கை தூக்கினாள்.

"மேடம், ஒரு சந்தேகம். இரண்டாவது இழுப்பறை, இடதுபக்கம்னு சொன்னீங்களே, அது எந்த வகைத் துரு?"

அவள் சிறிது யோசித்தாள். "அது கத்தரிக்கோலுக்கு வர்றது. வீட்டுல உபயோகிக்காம வச்சிருந்தா வரும்," என்றாள், தன் சொந்தக் கரகரக் குரலில், தன் மொழியில்.

"தேர்வுக்கு வருமா மேடம்?"

"வராது. வாழ்க்கைக்கு வரும்."

வகுப்பு சிரித்தது. இரண்டு பேர் மட்டும் கொஞ்சநேரம் அவளைப் பார்த்தார்கள். அவள் சொட்டுத் தண்ணீரைத் தகட்டில் விட்டாள்.

வெளியே வந்தபோது வயர் காத்திருந்தார். தோளில் கம்பிச்சுருள்.

"மேடம், ஒரு விஷயம். அடுத்த மாசம் அந்த சாரோட வகுப்பு. நீங்க பார்த்து மார்க் போடணும்."

"தெரியும்," என்றாள். அவ்வளவு பெரிய மனிதரிடம் கேள்வி கேட்க வேண்டும். அதுவும் பதிவு இல்லாமல். "அதைப் பத்தி என்ன?"

"அவங்க பக்கமும் என்னை மாதிரி ஒரு வயர்க்காரர் இருக்கார். நாங்க அப்பப்போ எழுதிப்போம். பேச்சுவாக்குல நம்ம விஷயத்தை அவர்கிட்ட சொல்லிட்டேன்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த சாருக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்ல மேடம், குரலை எப்படிப் பதிவு பண்ணினீங்கன்னு கேட்டுச் சொல்லச் சொன்னார், அவருக்கும் இங்கிலீஷ்னா உதறலாம், அன்னிக்கு நாம பார்த்ததே அவர் முன்கூட்டி எடுத்து வச்ச வீடியோதானாம், எந்தப் பாடத்துக்கும் பொருந்துமாம், அடுத்த மாசத்துக்கு நீங்களும் அதே மாதிரி ஒண்ணு எடுத்துக்கோங்க, வீட்டுல பூனை இருந்தா மட்டும் கதவைச் சாத்திக்கோங்கன்னார்."